செம்மண் பூசிய டாங்கிகள்

அத்தியாயம் பதினெட்டு

டொரதியம்மாவை வாகக்கோட்டைக்குப் போகும் பஸ்ஸில் ஏற்றிவிட்டு, போன வாரம் நாம் அப்படியே பாதியில் நின்றுவிட்டோம். இந்த வயதில், இந்த மழையில், அந்தோனியார் கோயிலுக்கு ஏன் தனியாகப் போனார் என்று புதிதாகப் படிக்க வந்தவர்கள் கேட்பீர்கள். தொலைந்ததைக் கண்டுபிடித்துக் கொடுக்கிற புனிதர் அந்தோனியார். டொரதியம்மா தொலைத்தது மூத்த மகன் லக்ஸ்மனை.

போன வருஷத்து அடைமழையில் ஹேவாஹெட்ட வீதியில் மலை சரிந்தபோது ஒரு வேனும் அதோடு போனது. வேனில் இருந்த மற்றவர்களையெல்லாம் தோண்டி எடுத்தார்கள். லக்ஸ்மனை மட்டும் எடுக்க முடியவில்லை. எடுக்காத பிள்ளைக்கு எப்படி மரித்தோர் பூசை வைக்கிறது என்பது டொரதியம்மாவின் ஒரே கேள்வி. பங்குத்தந்தை வந்து பேசிப் பார்த்தார், தேத்தண்ணி குடித்தார், போய்விட்டார். இந்த நவம்பரிலும் மஹய்யாவ மயானத்தில் கணவர் மத்தியாஸின் கல்லறையில் மட்டும்தான் டொரதியம்மா மெழுகுதிரி கொளுத்தினார். லக்ஸ்மனின் மனைவி ஷாமலாவும் மாமி பக்கம்தான். செவ்வாய்க்கிழமை தோறும் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் முழந்தாளிட்டு, லக்ஸ்மன் திரும்பி வரவேண்டும் என்று அந்தோனியாரிடம் கேட்கிறார்கள். ஒருத்தி தளர்ந்தால் மற்றவள் பிடித்துக்கொள்வாள். அப்படித்தான் வருஷம் ஓடியது.

இன்றைய கதை இளையவன் கிளின்ரனுடையது.

அம்பிட்டியில் அவர்களுடைய சரிவு வீட்டின் முன்னறையைப் பார்த்தீர்களானால் உட்கார ஒரு கதிரை தேற மாட்டாது. எல்லாம் அவனுடைய விளையாட்டுச் சாமான். பிள்ளைகள் விளையாட்டு என்று நினைத்துவிடாதீர்கள். மேசைமேல் அட்டையில் மலையும் பாலமும் தோட்டத்துக் குடியிருப்பு லயமும் செய்து வைத்து, விரல் உயரத்துக்கு ஆட்களை நிறுத்தி, பகடை உருட்டி நடத்துகிற யுத்தம் அது. எதிரிகள் செத்தவர்கள். செத்து, எழும்பி, நடந்து வருகிறவர்கள். ஸோம்பி என்று இளசுகள் சொல்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கையோடு இதற்கு ஆள் சேருவதைப் பார்த்து நானே தலையில் அடித்துக்கொண்டிருக்கிறேன்.

ஆனாலும் இந்த விளையாட்டுக்குக் கதை கட்டிய லக்ஸ்மனின் மூளையை மெச்சத்தான் வேண்டும். வெளிநாட்டில் இந்த விளையாட்டு ஆடுகிறவர்கள் மேசையில் யானை மாதிரி டாங்கிகளை இறக்குவார்களாம். லக்ஸ்மன் கேட்டது இதுதான்: "அது நம்ம ரோட்டு வளைவுல திரும்புமா? தோட்டத்துப் பாலம் தாங்குமா?" ஆகவே தன் கதையை அவன் இரண்டு உலக யுத்தங்களுக்கும் நடுவில் உள்ள காலத்துக்குக் கொண்டுபோனான். அந்தக் காலத்து இலகு டாங்கிகள் ஒரு லொறியை விடப் பெரிதில்லை. உள்ளே இரண்டே பேர், ஒருவன் ஓட்ட, ஒருவன் சுட.

அதை அப்படியே விட்டாலும் சரிவராது. செத்தவனைச் சுட்டால் அவன் பயந்தா ஓடப் போகிறான்? கூட்டமாக வந்து சங்கிலிச் சக்கரத்தில் சிக்கி வண்டியையே நிறுத்திவிடுவான். அதனால் சக்கரத்தை மூடத் தகரப் பாவாடை. முன்னால், கூட்டத்தைப் பிளந்து தள்ள, ரயில் சிலிப்பர் கட்டையில் ஒரு கலப்பை. பார்க்கிற துவாரத்துக்குக் கம்பி வலை. கூரையில், தோட்டத்தில் காலையில் ஆள் கூட்டும் பெரட்டுக்கு அடிக்கிற மணி ஒன்று. மணிச் சத்தத்துக்குப் பிணங்கள் டாங்கியின் பக்கம் திரும்பும், சனங்கள் மற்றப் பக்கத்தால் தப்பிக்கலாம். அண்ணன் இதையெல்லாம் யோசித்து யோசித்துச் சொல்ல, தம்பி செய்வான். பிளாஸ்டிக் தகட்டில் உடம்பு, தேத்தண்ணி வடியில் வெட்டிய வலை, ஆணித் தலைகளுக்குக் குரக்கன் என்கிற கேழ்வரகு மணி. ஒவ்வொரு மணியாகப் பசையில் தொட்டு வைக்க வேண்டும். கண் போய்விடும்.

இங்கிலாந்தில் இந்த விளையாட்டுகளுக்குப் புத்தகம் போடுகிற சின்னக் கம்பனி ஒன்றுக்கு லக்ஸ்மனின் யோசனை பிடித்துப்போனது. மலைநாட்டு டாங்கிகளுக்கு என்று ஒரு தனி அத்தியாயம், அதன் தலையில் லக்ஸ்மன் மத்தியாஸ் என்ற பெயர். இங்கிருந்து எடுத்து அனுப்பிய படங்கள் அச்சுக்குக் காணாது, ஆறு டாங்கிகளையும் அனுப்பு, நாங்களே படம் எடுக்கிறோம் என்றார்கள். கிளின்ரனுக்கு இரண்டு தடவை தவணை கொடுத்தார்கள். மூன்றாவது தவணை இல்லை. இன்று பின்னேரக் கூரியரில் பெட்டி ஏறாவிட்டால் அந்த அத்தியாயத்தை எடுத்துவிட்டுப் புத்தகம் அச்சுக்குப் போகும்.

அண்ணனுடைய பெயர் இனி வேறு எதில் அச்சாகப் போகிறது என்று கிளின்ரன் நினைத்தான். கல்லறையில்கூட இல்லை. இந்த ஒரு பெட்டி போய்ச் சேரவேண்டும், அவ்வளவுதான் அவனுக்கு வேண்டியது.

---

காலையிலிருந்தே அலைச்சல். கட்டுக்கலைப் பக்கம் வாகனங்களுக்குப் பெயின்ற் விற்கிற கடையில் கிளின்ரன் நின்றான். வெளியே த்ரீவீலில் நண்பன் நஸீப். அக்குறணைக்காரன். ஞாயிற்றுக்கிழமை விளையாட்டில் எப்போதும் பிணங்களின் பக்கம் ஆடுகிறவன். எப்போதும் வெல்கிறவனும் அவன்தான்.

"வார்னிஷ் ஈக்கா இல்லையா?" நஸீப் உள்ளே எட்டிப் பார்த்தான்.

"மின்னுறதுதான் இருக்காம்."

"ஈக்கிறத வாங்கிட்டு வாடா. மின்னினா மின்னிட்டுப் போகட்டும்."

"சேறு மின்னுமாடா? அண்ணன் பாத்தா மூஞ்சிலேயே எறிவான்."

உண்மைதான். வெளிநாட்டுக்காரன் சேறு என்றால் கபிலப் பழுப்பு நிறம் அடிப்பான், நம்ம மலைச் சேறு செம்மஞ்சள், அதை மாற்றி அடித்தால் அது வேறு நாடு என்று லக்ஸ்மன் அடிக்கடி சண்டை பிடிப்பான். அதனால் கிளின்ரன் பெயின்ற் அடிக்கவில்லை. காய்ந்த செம்மண்ணை இடித்து, சலித்து, டாங்கிகளின் பாவாடையிலும் சக்கரத்திலும் தூரிகையால் படியவிட்டிருந்தான். அச்சு அசல் மழைக்காலத்து ஹந்தானைப் பாதையில் ஏறி இறங்கிய வண்டி. ஆனால் தூள் தூள்தானே. மேலே வார்னிஷ் அடிக்கும்வரை விரல் பட்டாலும் போய்விடும்.

நாலாவது கடையில் மின்னாத வார்னிஷ் கிடைத்தது. ஒரே ஒரு டின்.

"பகலுக்கு மேல வாவிப் பக்கம் வாகனம் நகராது. சொல்லிட்டேன்," என்றான் நஸீப், வண்டியைத் திருப்பியபடி.

"அடிச்சு, காயவெச்சு, பெட்டில வெக்கிறதுதான் வேலை. வா."

---

டொரதியம்மா மாத்தளையில் நாத்தனார் வீட்டில் தங்கிவிட்டு முதல் பஸ்ஸிலேயே வந்திருந்தார். முகத்தில் நல்ல தெளிவு. அந்தோனியாரிடம் பாரத்தை இறக்கிவிட்டு வந்தவரல்லவா.

"சாப்பிட்டியா மகன்? நஸீப், நீயும் வா. ரொட்டி இருக்கு."

"வேணாம் அன்ரி, அவசரம்."

"ஒங்க சாமானெல்லாம் பின்னுக்கு வெயில்ல வெச்சிருக்கேன். போய்ப் பாருங்க, கண்ணாடி மாதிரி இருக்கு."

கிளின்ரன் பின்பக்கம் ஓடினான்.

சுளகில் ஒரு பழைய துவாய். துவாயின் மேல் வரிசையாக ஆறு டாங்கிகள். சொட்டுச் சேறு இல்லை. பாவாடை பளிச்சென்று இருந்தது, சக்கரம் பளிச்சென்று இருந்தது, அங்கங்கே குரக்கன் மணி உதிர்ந்து வெள்ளைப் புள்ளி தெரிந்தது. பக்கத்தில் பழைய பல்தூரிகை ஒன்றும், சவுக்காரத் துண்டும்.

"என்னம்மா செஞ்சீங்க?"

டொரதியம்மாவுக்கு அந்தக் குரலின் நடுக்கம் பிடிபடவில்லை. "கோயில்லருந்து தீர்த்தம் கொண்டாந்தேன். அண்ணன் புஸ்தகம் நல்லபடியா வரணும், அவன் வந்து தன் கையால பிரிச்சுப் பாக்கணும்னு ஒவ்வொண்ணுக்கும் தெளிச்சேன். தெளிச்சதும் மண்ணு வழிஞ்சிருச்சு. பெறகுதான் பாத்தேன், எவ்வளவு அழுக்கு. வெளிநாட்டுக்குப் போற சாமான் இப்படியா போறது? நம்மள என்னா நெனைப்பாங்க? நல்லாத் தேச்சுக் கழுவிட்டேன்."

கிளின்ரன் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டான். கோபப்படவும் முடியவில்லை. யாரைக் கோபிப்பது? இத்தனை பாசத்தோடு ஒரு வேலையைக் கெடுக்க அம்மாமாரைத் தவிர வேறு யாரால் முடியும் சொல்லுங்கள்.

"அது அழுக்கில்லம்மா. அது வேணும்னு பூசினது."

"சேத்தையா?"

"சேத்தைத்தான்."

டொரதியம்மாவின் கை வாய்க்குப் போனது. "தெரியாமப் போச்சே மகன். ஒரு வார்த்த சொல்லிட்டுப் போயிருக்கலாமே."

நஸீப் டாங்கி ஒன்றைத் தூக்கிப் பார்த்தான். "ஒடையல்ல. திரும்பப் பூசலாம்டா. தூள் மிச்சம் ஈக்கி தானே?"

கிளின்ரன் எழும்பி முன்னறைக்கு ஓடினான். அலுமாரி மேல்தட்டில் மூடி போட்டு வைத்திருந்த பால்மா டின் கழுவிக் கவிழ்த்தபடி இருந்தது.

"அம்மா, இந்த டின்ல இருந்தது?"

"அந்தூரியம் சாடில கொட்டுனேன். நல்ல காஞ்ச மண்ணு, பூவுக்கு நல்லதுன்னு."

"தண்ணி ஊத்தினீங்களா?"

"இன்னும் இல்ல. ஏன்?"

அவன் முற்றத்தில் சாடி முன் முழந்தாளிட்டான். கறுத்த உரமண்ணின் மேல் செம்மண் தூள் ஒரு படையாகக் கிடந்தது. கரண்டியின் நுனியால், மூச்சை அடக்கிக்கொண்டு, மேலாக மேலாக அள்ளினான். கறுப்பு கலந்துவிடக் கூடாது. நஸீப் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

தன் பிழையைத் தானே சரிக்கட்ட டொரதியம்மா பின்மண்மேட்டுக்குப் போய்விட்டார். இரண்டு கையும் நிறைய மண்ணோடு வந்தார்.

"இந்தா. செம்மண்ணுதானே? நம்ம மேட்டுல இல்லாத மண்ணா? இடிச்சுத் தாறேன், பூசு. நேரத்தைப் போக்காத."

"வேணாம்மா."

"ஏன் வேணாம்?"

"கலர் வேற."

டொரதியம்மா ஒரு கை மண்ணைக் கொட்டிவிட்டு, குனிந்து சாடியிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்தார். தன் கையிலிருந்த மண்ணோடு சேர்த்து உள்ளங்கையில் பிசைந்து பார்த்தார். "ஒரே கலர்தான். நான் தோட்டத்துல பொறந்தவ, எனக்கு மண்ணு தெரியும். எங்கிட்ட என்னா மறைக்கிற?"

"ஒண்ணும் இல்ல."

"நஸீப், நீ சொல்லு."

நஸீபுக்குப் பொய் வராது. வந்தாலும் முகத்தில் தெரிந்துவிடும். "அவன்ட்டக் கேளுங்க அன்ரி," என்று தரையைப் பார்த்துச் சொன்னான்.

கிளின்ரன் அந்த நிமிஷத்தில் ஒரு பொய் சொல்லியிருக்கலாம். மேட்டு மண்ணை வாங்கிப் பூசிப் பெட்டியைக் கட்டியிருக்கலாம். இங்கிலாந்தில் உள்ளவனுக்கு அம்பிட்டி மண் எது, ஹேவாஹெட்ட மண் எது என்று என்ன தெரியும்? எனக்கும் அவன் அப்படிச் செய்திருக்கலாம் என்றுதான் இன்றுவரை தோன்றுகிறது. ஆனால் வருஷம் முழுக்க இந்த வீட்டில் அவன் ஒருவன்தான் வாயை மூடிக்கொண்டிருந்தான். சாப்பாட்டு மேசையில் அண்ணனுக்கு ஒரு தட்டு வைக்கும்போதும் மூடிக்கொண்டிருந்தான். இனி முடியவில்லை.

"அது ஹேவாஹெட்டலருந்து எடுத்ததும்மா."

டொரதியம்மாவின் கையிலிருந்த மண் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே விழுந்தது.

"எந்த எடத்துல?"

"வேன் சக்கரம் கெடச்ச எடத்துல. தேடுறத நிப்பாட்டுன அன்னைக்கி நானும் நஸீபும் போயிருந்தோம். மண்ணு தோண்டுன பெக்கோ மெஷின லொறில ஏத்திட்டுப் போயிட்டாங்க. எல்லாரும் போயிட்டாங்க. வெறுங்கையோட வர முடியலம்மா. ஒரு பை மண்ணு அள்ளிட்டு வந்தேன்."

"எங்கிட்டச் சொல்லல."

"எப்படிச் சொல்றது? நீங்க அவன் வருவான்னு சொல்லிக்கிட்டிருந்தீங்க."

கீழ் வீட்டில் ரேடியோ ஓடிக்கொண்டிருந்தது.

டொரதியம்மா மெல்லத் திரும்பிக் கழுவுகிற இடத்தைப் பார்த்தார். குழாயடியிலிருந்து அழுக்குத் தண்ணீர் ஓடுகிற கான் வரைக்கும் செம்பழுப்பாக ஒரு கோடு இன்னும் ஈரமாக இருந்தது.

"எம் புள்ள கெடக்குற மண்ணு," என்றார். "அதையா நான் சவுக்காரம் போட்டுக் கழுவிக் கான்ல ஊத்துனேன்."

"அம்மா."

"எம் புள்ளைய நானே கான்ல ஊத்திட்டேனே கிளின்ரன்."

அவர் அழுத அழுகையை நான் எழுதப் போவதில்லை. வருஷம் முழுக்க அழாமல் சேர்த்து வைத்தது அது. லக்ஸ்மன் அங்கேதான் கிடக்கிறான் என்று அந்த வாயிலிருந்து வந்தது அன்றுதான் முதல் தடவை. கிளின்ரன் அம்மாவைப் பிடித்துக்கொண்டான். நஸீப் வாசல் பக்கம் போய் நின்று நேரத்தைப் பார்த்துக்கொண்டான்.

முதலில் எழும்பியது டொரதியம்மாதான். சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார். சாடியின் பக்கத்தில் போய் உட்கார்ந்து, கரண்டியைத் தள்ளிவிட்டு, விரலாலேயே அந்தத் தூளைச் சேர்த்து எடுக்க ஆரம்பித்தார். அத்தனை சுத்தமாகக் கிளின்ரனால்கூட எடுத்திருக்க முடியாது. தேத்தண்ணிக் கோப்பைக்கு அடியில் வைக்கிற பீரிசு ஒன்றில் குவித்துக்கொண்டு முன்னறை மேசைக்கு வந்தார்.

"எப்படிப் பூசணும்?"

"நான் பூசுறேன்மா, நீங்க இருங்க."

"எப்படின்னு சொல்லு."

கிளின்ரன் பாவாடைகளிலும் சக்கரங்களிலும் தின்னர் கலந்த பசையை மெல்லிசாகத் தடவிக் கொடுத்தான். "இதுல தூவுங்க. கொஞ்சமா. கீழ்ப் பக்கம் கூட, மேல் பக்கம் கொறைய."

நம்ம சனத்தில் பெட்டியைக் குழியில் இறக்கியதும் வீட்டார் ஆளுக்கு ஒரு பிடி மண் போடுவார்கள். மத்தியாஸுக்கு டொரதியம்மா போட்டார். மகனுக்குப் போட அவருக்கு ஒரு குழி கிடைக்கவில்லை. இப்போது பீரிசிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்து முதல் டாங்கியின் மேல் தூவினார். தூவும்போது உதடு அசைந்தது. செத்தவர்களுக்குச் சொல்கிற நித்திய இளைப்பாற்றி ஜெபம். இந்த நவம்பர் முழுக்கக் கோயிலில் எல்லோரும் சொல்லும்போது, மகனை நினைத்துச் சொல்லமாட்டேன் என்று வாயை இறுக்கி மூடிக்கொண்டு நின்ற அதே ஜெபம். ஆறு டாங்கிக்கும் ஆறு தடவை சொன்னார். கிளின்ரன் கூடச் சொன்னான். நஸீப் தலைத் தொப்பியைச் சரிசெய்துகொண்டு கைகட்டி நின்றான்.

வார்னிஷ் அடித்து, ஷாமலாவின் தலை உலர்த்துகிற மெஷினால் காயவைத்து, பஞ்சு சுற்றிப் பெட்டியில் அடுக்கினார்கள். குரக்கன் உதிர்ந்த இடங்களைச் சேறு மறைத்துவிட்டது. லக்ஸ்மன் பார்த்திருந்தால் இதுதான்டா நம்ம ரோட்டு என்றிருப்பான்.

"நான் போய் ஏத்திட்டுக் கோல் பண்றேன்," என்று நஸீப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு படிகளில் ஏறினான். "நீ அன்ரியோட இரி."

கொஞ்ச நேரத்தில் கோல் வந்தது. வாவிச் சுற்றில் வாகனம் நகரவில்லை, பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு இருக்கிறேன், பாப்பம் என்றான். கிளின்ரனால் ஒன்றும் செய்ய முடியாது. அண்ணனின் பெயரைக் காப்பாற்ற அம்மாவின் நம்பிக்கையைப் பிடுங்கிக் கொடுத்தாயிற்று, இனி அந்தப் பெயராவது போய்ச் சேருமா என்று கதவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

டொரதியம்மா மேசையை விட்டு எழும்பவில்லை. வெறும் பீரிசு முன்னால் இருந்தது. விரல்கள் சிவந்து போயிருந்தன.

"ஷாமலாவுக்கு யாரு சொல்றது?" என்று கேட்டார். "நாந்தானே அவள இவ்வளவு நாள் பிடிச்சு வெச்சேன். அவ பாட்டுக்கு அழுதிருப்பா, தேறியிருப்பா. வருவான் வருவான்னு நாந்தானே சொன்னேன்."

கிளின்ரன் வாய் திறப்பதற்குள் படியில் செருப்புச் சத்தம் கேட்டது.

ஷாமலா பாலர் பாடசாலை வேலை விட்டு வருகிறாள். குடையை வாசலில் சாத்திவிட்டு உள்ளே வந்தாள். அதிசயமாக முகத்தில் ஒரு சிரிப்பு.

"நஸீப என் பஸ்ஸுக்குப் பக்கத்துல பாத்தேன். கையக் காட்டுனா அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டான். என்னாவாம்? பெட்டி போயிருச்சுதானே?" பதிலுக்குக் காத்திராமல் கையிலிருந்த துணிக்கடைப் பையைத் தூக்கிக் காட்டினாள். "மாமி, அவருக்கு நத்தார் பண்டிகைக்குச் சேட்டு எடுத்துட்டேன். நீல நெறம். போன வருஷம் எடுத்தது அலுமாரில அப்படியே இருக்கு, சரி, ரெண்டையும் போடட்டும். கைய கழுவிட்டு வாங்க, காட்டுறேன்."

டொரதியம்மா தன் விரல்களைப் பார்த்தார். கழுவப் போகவில்லை.

"கதவச் சாத்திட்டு வாம்மா," என்றார். "வந்து எம்பக்கத்துல உக்காரு."

ஷாமலா கிளின்ரனைப் பார்த்தாள். அவன் நிமிரவில்லை. அவள் போய்க் கதவைச் சாத்தினாள். மாமியின் பக்கத்துக் கதிரையில் வந்து உட்கார்ந்தாள். பையை மட்டும் கீழே வைக்கவில்லை.